பூக்கும் முன் பிடுங்கு!

வீட்டுக் கொல்லையிலும் மாடித் தோட்டத்திலும் புகுந்து இடம்பிடிக்கும் அந்நியக் களைகளை எப்படி அடையாளம் காண்பது, எப்படி ஒழிப்பது? ஸ்ரீரங்கத்துக் கொல்லை ஒன்றிலிருந்து உய்யக்கொண்டான் கரை வரை...

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கும் துளசி மாடத்துக்கும் நடுவே ஏழெட்டு நாற்றுகள் தலைகாட்டின. இலைகள் சாமந்தி இலை போலவே பிளவுபட்டு, வெளிர்பச்சையாக, தரையோடு தரையாக வட்டம் கட்டிப் படர்ந்திருந்தன. சாமி படத்துக்குப் போட்டு வாடிய மாலைகளை அந்த இடத்தில்தான் வருஷம் பூராவும் உதறிப் போடுவோம். அதிலிருந்து விழுந்த சாமந்திதான் முளைத்துவிட்டது என்று அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு நாற்றுக்கும் கையால் மண் அணைத்தார். மழை பெய்யாத நாளில் ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினார்.

மூன்று வாரம் கழித்து, களையெடுக்க மேலூரிலிருந்து வழக்கமாக வரும் அக்கா களைக்கொத்தும் கையுமாகக் கொல்லைக்குள் நுழைந்தார். அதற்குள் செடிகள் முழங்கால் உயரம் வந்து, நுனியில் ஜவ்வரிசி ஜவ்வரிசியாக வெள்ளை மொட்டுகள். பார்த்ததும் நின்றுவிட்டார்.

“தம்பி, இதுக்கா தண்ணி ஊத்துனீங்க? ரோட்டோரம் பூரா நிக்குதே, அந்த விஷச்செடி இது. அம்மாவ இதுகிட்ட போக வேணாம்னு சொல்லுங்க. சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாயிரும்.”

அவர் சொன்னது சரிதான், கொஞ்சம் தாமதமாகச் சொன்னார். அம்மாவின் மணிக்கட்டிலும் கழுத்திலும் ஒரு வாரமாகவே சிவந்து தடித்து அரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் புதுச் சோப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, “வீட்டைச் சுற்றி பார்த்தீனியம் இருக்கா?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரம் மண் அணைத்து வளர்த்திருக்கிறோம்.

களையைப் பிடுங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எது களை என்பதில்தான் நாம் தோற்றுப்போகிறோம். வயலில் வேலை செய்து பழகியவர்களுக்கு ஒரு செடியை இரண்டு இலைப் பருவத்திலேயே பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிகிறது. தெருவையும் மாடியையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பூ வந்த பிறகுதான் தெரிகிறது. களையைப் பொறுத்தவரை பூ வந்துவிட்டால் பாதி ஆட்டம் முடிந்தது. அந்தக் கார்த்திகையிலிருந்து நான் கற்றுக்கொண்டதும், கேட்டுத் தெரிந்துகொண்டதும், புத்தகங்களில் சரிபார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

சாமந்தி வேஷத்தில் வரும் விஷம்

பார்த்தீனியத்தைச் சிறு வயதில் பிடிப்பதற்கு ஒரே அடையாளம், அது படுத்திருக்கும் விதம். சாமந்தி நாற்றும் துலுக்கச் சாமந்தி நாற்றும் முளைத்ததிலிருந்தே நிமிர்ந்து நிற்கும். பார்த்தீனியம் முதல் சில வாரம் தண்டே இல்லாதது போல இலைகளைத் தரையில் விரித்துக் கிடக்கும். சுற்றியிருக்கும் எதையும் முளைக்க விடாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு நடுவிலிருந்து தண்டு விருட்டென்று கிளம்பும். தண்டில் நீளவாக்கில் கோடுகள், மேலெல்லாம் மெல்லிய ரோமம். பூ மிகச் சிறியது. உற்றுப் பார்த்தால் அதன் ஓரத்தில் ஐந்து இடத்தில் சின்னஞ்சிறு இதழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஐந்து முனையைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த இந்தச் செடி 1955இல் புனேயில் கவனிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு கலந்து வந்திருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வெள்ளைத் தொப்பி போட்டது போலப் பூப்பதால் ‘காங்கிரஸ் செடி’ என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. முளைத்து ஒன்று ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 10,000க்கும் மேற்பட்ட விதைகளைக் கொட்டும். விதை தூள் போல லேசானது. காற்றில் போகும், மழைநீரில் போகும், மாட்டின் குளம்பில் ஒட்டிப் போகும். எல்லாவற்றையும்விட வேகமாக லாரி மண்ணில் போகும். எங்கள் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று யோசித்தபோது விடை கிடைத்துவிட்டது. கிணற்றடியில் பள்ளத்தை மேடாக்க முந்தைய ஆடியில் ஒரு வண்டி மண் இறக்கியிருந்தோம். அந்த மண் எங்கே வெட்டியது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

இப்போது ஒழிக்கும் வழி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் முன்னால், வேரோடு பிடுங்க வேண்டும். இதைவிட நல்ல வழி எதுவும் இல்லை. மேலே மட்டும் அறுத்துவிட்டால் அடியிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். கையில் உறை அவசியம். உறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டையும் முகத்தில் துணியும் வேண்டும், ஏனென்றால் மகரந்தம் மூச்சில் ஏறினால் தும்மலும் இரைப்பும் வரும். ஏற்கெனவே அலர்ஜி வந்தவர்கள் கிட்டேயே போகக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் இப்போது தடை.

பூக்காத செடிகளை மட்டும் மட்க வைக்கலாம். பூத்ததை மட்குக் குழியில் போட்டால் அடுத்த வருஷம் அந்த உரத்தோடு சேர்த்து விதையையும் தோட்டம் முழுக்கத் தூவியதாகிவிடும். பூத்த செடியைப் பையில் போட்டு இறுகக் கட்டி, விதை சிதறாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

உப்புக் கரைசல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் நேரத்தில் தெளித்தால் செடி கருகும் என்பது உண்மை. சாலையோரத்துக்கும் தரிசுக்கும் சொல்லப்பட்ட முறை அது. கொல்லையில் செய்யாதீர்கள். செடியோடு மண்ணும் கெட்டுவிடும், பிறகு அங்கே கீரை விதைத்தால் வராது.

இன்னொரு கூட்டாளி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவந்து, சோதித்து, 1984இல் வெளியில் விடப்பட்ட வண்டு. பெயர் ஜைகோகிராமா. வெளிர்மஞ்சள் முதுகில் பழுப்பு நெளிகோடுகள், துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிசு. இதுவும் இதன் புழுவும் பார்த்தீனிய இலையைத் தின்று மொட்டையாக்கிவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று ஒரு பீதி கிளம்பி, ஆய்வுக்குப் பிறகு பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவானது. மழைக்காலத்தில்தான் இது சுறுசுறுப்பாக இருக்கும், வறண்டால் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ரோட்டோரம் ஓட்டை விழுந்த பார்த்தீனிய இலையைப் பார்த்தால் அருகில் போய்ப் பாருங்கள், அநேகமாக இந்த வண்டுதான். அதை நசுக்கிவிடாதீர்கள்.

பேரிலேயே ஊர் இருக்கிறது

வெளியிலிருந்து வந்த செடிகளுக்கு நம் ஜனங்கள் பேர் வைத்த விதத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முன்னால் ‘சீமை’ என்று ஒன்றைப் போட்டு விடுவார்கள். சீமைக் கருவேலம், சீமை அகத்தி, சீமைப் பொன்னாங்கண்ணி. இது நம்ம ஊர்ச் செடி மாதிரி இருக்கிறது, ஆனால் அது இல்லை என்கிற தாவரவியல் அறிவிப்பே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சீமைக் கருவேலம் 1877இல் ஜமைக்காவிலிருந்து விதையாக வந்தது, விறகுக்காகவும் தரிசில் பசுமைக்காகவும். அது என்ன செய்தது என்பதை கோரையாற்றுப் படுகையில் நடந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் ஒரு கன்று முளைத்தால் விரல் தடிமன் வரும் முன் வேர்க் கழுத்துக்குக் கீழே தோண்டி எடுத்துவிடுங்கள். மேலே வெட்டினால் புதராகத்தான் எழும்.

சில பேர்கள் குழப்பவும் செய்யும். சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்றால் தண்ணீரில் சிறு முட்டைக்கோசு போல மிதக்கும் வேறொரு செடி. ஆனால் இன்று திருச்சியில் யாரைக் கேட்டாலும் ஊதாப் பூப் பூக்கும் வெங்காயத்தாமரையைத்தான் ஆகாயத்தாமரை என்பார்கள். அதனால்தான் பேரை மட்டும் நம்பக் கூடாது, செடியைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பார்ப்பதற்குத் திருச்சியைப் போல வாய்ப்பான ஊர் குறைவு. தூய வளனார் கல்லூரியில் இருக்கும் ராபினாட் உலர்தாவரக் காப்பகம் 1967இல் அருட்தந்தை கே.எம். மேத்யூ தொடங்கியது. தமிழகத்தின் சமவெளியிலும் அதையொட்டிய குன்றுகளிலும் ஊர் ஊராக அலைந்து செடிகளைச் சேகரித்து, காகிதத்துக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி வைத்த வேலை அது. அந்த உழைப்பிலிருந்துதான் எண்பதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாடு கர்நாடகச் சமவெளித் தாவரங்கள் பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. கர்நாடகம் என்பது இங்கே பக்கத்து மாநிலத்தைக் குறிக்கவில்லை, நம் கிழக்குச் சமவெளிக்கு இருந்த பழைய பெயர். ஒரு நதிக்கரை ஊரில் என்னென்ன முளைக்கிறது என்று வாழ்நாள் முழுக்கக் குனிந்து பார்த்த ஒருவர் நம் ஊரில் இருந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வீட்டிலும் அதே வேலையைச் சிறிய அளவில் செய்யலாம். தெரியாத செடி முளைத்தால் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். தினமும் தாளை மாற்றுங்கள். தாவரவியல் படித்த ஒருவரிடம் காட்டினால் செல்போன் படத்தைவிட அதை வைத்துச் சரியாகச் சொல்வார்.

கீரைக்கட்டில் வந்த தவறு

அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. நம் சமையலறைக்கு நெருக்கமான சம்பவம்.

இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களுக்குப் பொன்னாங்கண்ணி இல்லாமல் சோறு இறங்காது. சிங்களத்தில் அதை முகுணுவென்ன என்பார்கள். நறுக்கி, தேங்காய்ப்பூ போட்டு வதக்கினால் போதும். தொண்ணூறுகளின் நடுவில் விக்டோரியா மாநிலத்தில் களைத் தடுப்பு அதிகாரிகளுக்கு ஓர் அதிர்ச்சி. அந்த நாட்டில் மிக ஆபத்தானதாக அறிவிக்கப்பட்ட முதலைக் களை இந்தக் குடும்பங்களின் வீட்டுக் கொல்லைகளில் பாத்தி கட்டி வளர்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. பொன்னாங்கண்ணி என்று நம்பி ஒருவர் கொடுத்த தண்டை இன்னொருவர் நட்டு, அவர் இன்னொருவருக்குக் கொடுத்து, உறவு வழியாகவும் நட்பு வழியாகவும் நூற்றுக்கணக்கான கொல்லைகளுக்குப் போயிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே குடும்பம், அக்கா தங்கை மாதிரி.

அங்கே அதிகாரிகள் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். பிடுங்கச் சொன்னதோடு நிற்காமல், அதே பேரினத்தைச் சேர்ந்த, அந்த மண்ணுக்கே உரிய இன்னொரு கீரையை மாற்றாகக் கையில் கொடுத்தார்கள். ஒரு செடியை எடுத்த இடத்தில் இன்னொன்றைத் தராமல் எந்தச் சமையலறையும் கேட்காது என்று புரிந்தவர்கள் செய்த வேலை.

முதலைக் களை தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வாய்க்காலோரம் கீரை பறிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொன்னாங்கண்ணியின் பூ இலைக் கக்கத்திலேயே, காம்பு இல்லாமல், வெள்ளை மணிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதலைக் களையின் பூ தனியாக ஒரு நீண்ட காம்பின் நுனியில் உருண்டையாக நிற்கும். முற்றிய தண்டை ஒடித்தால் முதலைக் களை புகைக்குழல் போல உள்ளே வெறுமையாக இருக்கும். இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

இது விதையால் பரவுவது அபூர்வம். கணு உள்ள ஒரு துண்டு தண்ணீரில் மிதந்து போய் எங்கே ஒதுங்கினாலும் வேர்விடும். ஆகவே மண்வெட்டியால் கொத்திச் சிதைப்பது அதை நட்டுப் பெருக்குவதற்குச் சமம். முழுதாக, துண்டு சிதறாமல் எடுத்து, சிமெண்டுத் தரையில் போட்டு வெயிலில் சருகாக்க வேண்டும்.

உய்யக்கொண்டானில் ஒரு பச்சைப் பாய்

ஸ்ரீரங்கத்தில் வாழ்கிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று, நாம் இருப்பது ஆற்றுக்கு நடுவே. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். நம் கொல்லையிலிருந்து வெளியேறும் தண்ணீரும் குப்பையும் ஏதாவது ஒரு வழியில் இந்த இரண்டில் ஒன்றைத் தேடித்தான் போகும். அதற்குக் கீழே தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று டெல்டா முழுக்கக் கிடக்கிறது. இங்கே பிடுங்கி வாய்க்காலில் எறிந்தது அங்கே மதகில் போய் அடைக்கும்.

திருச்சி நகருக்குள் உய்யக்கொண்டான் கால்வாயைப் பார்த்தாலே போதும். பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, நகரத்தை ஊடுருவி, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகிற சோழர் காலக் கால்வாய். தண்ணீர் குறைந்து சாக்கடை கலந்த மாதங்களில் பல இடத்தில் தண்ணீரே தெரியாது. ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்திருக்கும். சாக்கடையில் வரும் சத்து அதற்கு உரம். நல்ல சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். மேட்டூர் திறக்கும் முன்னால் இயந்திரம் வைத்து அள்ளுவார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் அள்ளுவார்கள்.

இதுவும் ஒரு காலத்தில் தோட்டச் செடியாகத்தான் வந்தது. அமேசான் பகுதியைச் சேர்ந்தது. மயில்கழுத்துப் பொட்டு வைத்த அந்த ஊதாப் பூவுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. இலங்கை 1909லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. வங்காளம் 1936இல் போட்டது. சட்டத்தை மீறிக்கொண்டு அது இன்னமும் பூத்துக்கொண்டிருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாடியில் தொட்டி வைத்து அல்லி, தாமரை வளர்க்கிறவர்கள் பலர் அழகுக்கு ஆகாயத்தாமரையையும் இரண்டு போட்டு வைக்கிறார்கள். ஒரு மாதத்தில் தொட்டி நிரம்பிவிடும். மிச்சத்தை எங்கே போடுவது? பக்கத்து வாய்க்கால்தான் கண்ணில் படுகிறது. தயவுசெய்து போடாதீர்கள். பூக்கும் முன் எடுத்து நிழலில் வாடவிட்டு, சாணத்தோடு அடுக்கினால் வாழைக்கு நல்ல மட்கு.

அழகுக்காக வாங்கியது

கோயில் நந்தவனங்கள் இருந்த ஊர் இது. கையில் பூக்குடலையோடு நிற்கும் தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிய ஊர். துளசி, நந்தியாவட்டை, இருவாட்சி, மகிழம் என்று அந்தத் தோட்டத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு செடிக்கும் ஒரு வேலை இருந்தது. இன்று நர்சரியில் ‘தண்ணீர் கேட்காது, வெயில் தாங்கும், தானே படரும்’ என்று சொல்லி விற்கும் செடிகளை நாம் வேலை எதுவும் கேட்காமல் வாங்கி வந்துவிடுகிறோம். தானே படரும் என்பதுதான் ஆபத்து.

உண்ணிச்செடி அப்படித்தான் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா பூங்காவுக்கு வந்து, இப்போது முதுமலை வரை காட்டை மூடியிருக்கிறது. சிங்கப்பூர் டெய்சி இன்னொன்று. மஞ்சள் பூ, தரையை மெத்தை போல மூடும். உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் நெருங்கிய உறவு என்பதால் அதுவென்றே நினைத்துப் பறித்துச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. இலையைப் பாருங்கள். சிங்கப்பூர் டெய்சியின் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை பிரியாமல் ஒற்றை ஈட்டி போல நீண்டிருக்கும்.

பட்டாசுக்காய்ச் செடியை எனக்கும் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் காய்ந்த காயில் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் படீரென்று வெடிக்கும். வெடிப்பதுதான் அதன் விதை தூவும் வித்தை. கிழங்கு மாதிரி தடித்த வேர் அடியில் இருப்பதால் மேலாகப் பிடுங்கினால் தண்டு மட்டும் வரும். காய் பழுக்கும் முன் களைக்கொத்தை ஆழமாக இறக்க வேண்டும்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. உண்ணிப் பூவிலும் மூக்குத்திப் பூவிலும் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறதே, எல்லாவற்றையும் பிடுங்கினால் அவை எங்கே போகும்? மேலூரில் மேல் அணைக் காப்புக்காட்டில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனால் பதில் கிடைக்கும். பூச்சிக்குத் தேன் கொடுக்கும் செடி வேறு, அது முட்டையிட்டுப் புழு தின்று வளரும் செடி வேறு. எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை, கிலுகிலுப்பை போன்றவை இல்லாவிட்டால் எத்தனை உண்ணிப் பூ இருந்தும் அடுத்த தலைமுறை இல்லை. மூக்குத்திப் பூண்டை, அதாவது நாம் வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழியும் பூண்டை, நான் ஓரமாக இரண்டு விட்டு வைக்கிறேன். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் அது பிடுங்கினால் வந்துவிடுகிறது.

கோரை: சொந்த ஊர்க்காரன்

அந்நியக் களைகளைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டுக் கோரையைச் சொல்லாமல் விட முடியாது. கோரை வெளியூர் இல்லை, இங்கேயே பிறந்தது. ஆனால் உலகின் மிக மோசமான களை என்று களையியல் அறிஞர்கள் கை காட்டியது இதைத்தான். முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் பாய் நெய்யப் பயிராக வளர்க்கும் கோரை இதன் நெட்டையான உறவுக்காரன். அது குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. நம் பாத்தியில் வருவது குட்டையான கிழங்குக் கோரை.

புல்லா கோரையா என்று தெரிய, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல் உருளும், கோரை உருளாது. அதன் தண்டு முக்கோணம்.

ஒரு முழப் பாத்தியைத் தை மாதத்தில் நானே உட்கார்ந்து தோண்டினேன். மேலே தெரிந்தது இருபது முளைதான். ஒன்றை இழுத்தால் இலை கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். மண்ணைப் பக்குவமாக விலக்கிக்கொண்டே போனால், நூல் போன்ற ஒரு வேர். அதன் நுனியில் கறுப்பாகப் புளியங்கொட்டை அளவில் ஒரு கிழங்கு. அதிலிருந்து மறுபடி நூல், மறுபடி கிழங்கு. மாலை கோத்தது போல. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, மருந்துக்கடை வாசனை. முத்தக்காசு என்று மருந்துக்கு எடுப்பது இதைத்தான். அன்று மாலை வரை தோண்டியதில் ஒரு சின்னச் சொம்பு நிறையக் கிழங்கு சேர்ந்தது.

கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் கோரை அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும், அவ்வளவு கூர்மையான முனை. ஆனால் அதற்கு இரண்டு பலவீனம். ஒன்று வறட்சி. சித்திரை, வைகாசியில் மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டிக் கிழங்கை வெயிலில் போட்டால் சுருங்கிச் செத்துவிடும். தண்ணீர் மட்டும் விடக் கூடாது. இன்னொன்று நிழல். தட்டைப்பயறோ சணப்பையோ நெருக்கமாக விதைத்து மூடாக்குப் போட்டால் வெளிச்சம் கிடைக்காமல் சோர்ந்துபோகும். பிறகும் தலைகாட்டுகிறவற்றை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை விடாமல் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புது இலை விடும் ஒவ்வொரு முறையும் கிழங்கு தன் கையிருப்பைச் செலவழிக்கிறது. எனக்கு இரண்டு கோடை ஆயிற்று.

களைக்கொல்லி அடித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம்தான் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. துளசியும் கறிவேப்பிலையும் கிணறும் இருக்கும் கொல்லையில் அதற்கு இடமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு பூச்சி ஜெயித்த கதை

மனம் தளர்ந்த நாளில் நான் நாகதாளிக் கதையை நினைத்துக்கொள்வேன். சப்பாத்திக் கள்ளி என்றும் சொல்வோம். அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி அது. அதன்மேல் வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்ற ஆசையில் கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கள்ளித் தோட்டமே போட்டது, சென்னைச் சைதாப்பேட்டையில். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த பூச்சி சாயத்துக்கு உதவாத வேறொரு இனம். கம்பெனிக்கு நஷ்டம். ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியைத் தின்றே தீர்த்தது. உலகில் களைக்கு எதிராகப் பூச்சி ஜெயித்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று அது.

மிஞ்சிய வகைகள் தென்னாட்டு வேலிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடின. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு செதில் பூச்சியைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். கள்ளியின் மேல் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகப் படியும், நசுக்கினால் விரல் ரத்தச் சிவப்பாகும். சில வருஷங்களில் புதர் புதராகக் கள்ளி அழுகி விழுந்தது. இன்று திருச்சியைச் சுற்றி நாகதாளியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊரை மூடிய ஒரு களை, இந்த மண்ணிலேயே, ஒரு மனித ஆயுளுக்குள் பின்வாங்கியிருக்கிறது.

போன வாரம் மேலூர் அக்கா வந்திருந்தார். பார்த்தீனியம் நின்ற இடத்தில் இப்போது தட்டைப்பயறு காய்த்திருக்கிறது. அதன் நிழலிலும் நாலு பார்த்தீனிய முளை இருந்தது. மண்ணில் கிடக்கும் விதை வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் இதை எதிர்பார்த்தோம். அம்மா மாடத்துக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அதோ, அங்க ஒண்ணு படுத்துண்டிருக்கு பாரு” என்று விரல் நீட்டிக் காட்ட, நான் உறை மாட்டி ஒவ்வொன்றாக எடுத்தேன்.

அக்கா ஓரமாகப் போய் மூக்கிரட்டைத் தளிரைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டார், ராத்திரிக் குழம்புக்கு. கிணற்றடியில் தும்பை ஒரு குத்து பூத்திருந்தது. களைக்கொத்தை அதற்குக் கிட்டே கொண்டுபோன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அத விட்டுடுங்க தம்பி. நாளைக்கித் திங்கக்கிழம. ஆனைக்காவுக்குப் பறிச்சிட்டுப் போவேன்.”